கறை பார்க்கிற கண்

இருமல் ஓய்ந்ததும் முகிலன் முதலில் பார்த்தது அம்மாவின் முகத்தை அல்ல, சேலையை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் நீளமான பெஞ்சில் நஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். அப்பா போனதிலிருந்து கட்டுகிற வெள்ளைச் சேலை. குடல் வெளியே வந்துவிடும்போல இருமியும் அதில் ஒரு பொட்டு ஈரமில்லை. நாலு பேர் நடுவில் மானம் தப்பியது என்று முகிலன் மூச்சு விட்டான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவன் செக்கிங் சூப்பர்வைசர். டியூப்லைட் வெளிச்சத்தில் பீஸை விரித்தால் எண்ணெய்ச் சொட்டு, ஊசி ஓட்டை எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது. “டார்க் கலர்ல ஏமாந்துராதீங்கம்மா, கறை இருக்கும், தெரியாது” என்று செக்கிங் பெண்களிடம் கத்தாத நாளில்லை.

“இன்னும் எத்தனை பேர் முன்னால இருக்குறாங்க?” என்றான், மூன்றாவது தடவையாக.

“நீ போய் சன்னலுக்கும் கதவுக்கும் நடந்தா மட்டும் கூப்புட்டுருவாங்களா? உக்காரு சாமி” என்றாள் நஞ்சம்மாள்.

உட்கார முடியவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் நடந்தது இன்னும் உறுத்திக்கொண்டே இருந்தது. பிசிறு வெட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்த எக்ஸ்போர்ட் பனியன் பண்டல் மேல் அன்றைக்கு மூத்திர ஈரம். அம்மாவும் அவன் மனைவி விஜயகுமாரியும் டிவி பார்த்துச் சிரித்தபடி அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

“யாரு இந்த வேலை பண்ணுனது?” என்று அவன் போட்ட சத்தத்தில் விஜயகுமாரி வெலவெலத்துப் போனாள்.

அம்மாதான் வாயைத் திறந்தாள். “நாந்தான் கண்ணு. சிரிச்சேன், அடக்க முடியாமப் போயிருச்சு.”

அன்றிலிருந்து அம்மாவுக்குக் கதவோரம் தனியாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பண்டல் பக்கம் வரக்கூடாது. “அத்தையத் தள்ளி வெக்காதீங்க, ஏனுங்க” என்று விஜயகுமாரி அழுதுகூடப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. ஆனால் அந்த ஸ்டூலைப் பார்க்கிறபோதெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் அம்மாவே கேட்டாள். “இதுக்கு ஆபரேசன் இருக்குதாமா கண்ணு. கூட்டிட்டுப் போறியா?” எதற்கும் வாய்விட்டுக் கேட்காதவள். மறுநாளே லீவு சொல்லிவிட்டான். இது சரியாகாவிட்டால் சாகிறவரை அவளுக்கு அந்த ஸ்டூல்தான்.

நர்ஸ் எட்டிப் பார்த்து, “பேஷன்ட் வயிறு நிறையத் தண்ணி குடிச்சிருக்கணும், பாத்ரூம் போகக்கூடாது” என்றாள்.

“அதெல்லாம் ஆச்சுங்க” என்றாள் நஞ்சம்மாள். காலிப் பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விஜயகுமாரியின் கருநீலச் சேலை மடியில் கிடந்தது.

செல்போன் அலறியது. கம்பெனியிலிருந்துதான். மத்தியானம் சரக்குப் பார்க்க பையர் வருகிறான். வந்துவிடுகிறேன் என்று பொய் சொல்லி வைத்தான்.

“எனக்குன்னதும் லீவு கெடச்சுருச்சு. இவளும் ரெண்டாவது பிரசவத்துலிருந்து டாக்டரப் பாக்கோணும் பாக்கோணுங்கறா” என்றாள் அம்மா.

“பொம்பளைங்களுக்கு ஆயிரம் இருக்கும். சிப்மென்ட் முடியட்டும்மா.”

விஜயகுமாரி தலையைத் தூக்கவில்லை. வந்ததிலிருந்தே உம்மென்று இருக்கிறாள் என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. மாமியாருக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் என்ன?

ஒருவழியாக மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா மேசை டிராயரிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை வலைப் பட்டையை எடுத்துக் காட்டினார்.

“இதுதான் உள்ள வைக்கிற டேப். மூத்திரக் குழாய்க்கு அடியில ஊஞ்சல் மாதிரி தாங்கிப் பிடிக்கும். அப்புறம் இருமினாலும் சிரிச்சாலும் பாரம் தூக்கினாலும் கசியாது.”

முகிலன் பழக்க தோஷத்தில் அதை இரண்டு விரலுக்கிடையே இழுத்துப் பார்த்தான். “நிட்டிங் துணியாட்ட இருக்குதுங்க. சுருங்கிறாதுங்களே?”

“துவைக்கவா போறோம்?” என்றார் டாக்டரம்மா.

நஞ்சம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விஜயகுமாரி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

“யாருக்கு வைக்கலாம்னு முடிவு பண்ணறதுக்கு முன்னால ஒரு டெஸ்ட் இருக்கு” என்று டாக்டரம்மா எழுந்து திரையை விலக்கினார். “பெருசா ஒண்ணுமில்ல. உள்ள வந்து பலமா ஒரு தடவை இருமிக் காட்டணும். கசியுதான்னு பார்ப்பேன். அவ்வளவுதான்.”

“அதுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு? பஸ் ஏறுனதுலிருந்து எங்கம்மா இருமிட்டுத்தானுங்க இருக்...”

பாதியில் அவன் வாய் நின்றுவிட்டது. கண் தானாக வெள்ளைச் சேலைக்குப் போனது. காலையில் மடிப்பெடுத்துக் கட்டிய மாதிரியே இருந்தது.

நஞ்சம்மாள் நாற்காலியை விட்டு எழவில்லை. பக்கத்தில் கையைக் கொடுத்து விஜயகுமாரியை மெல்ல எழுப்பிவிட்டாள்.

“போ அம்மிணி” என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்:

“எனக்கு வெறும் இருமல்தானுங்க டாக்டரம்மா, டேப்பு எம் மருமகளுக்கு.”