மாவு பொங்காத நாள்

விவாகரத்துக்குப் பிறகு மீனலோசனியும் ஞானப்பிரகாசமும் எங்கள் எதிர்வீட்டு ஃபிளாட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். சுவரின் இரு பக்கமும் நானோ பூச்சு; மின்சாரம் கடக்காது, சூடு மட்டும் கடந்துவிடும். அவர் கம்ப்யூட்டரைச் சுவரோரம் ஓடவிடுவார். மறுபக்கம் இவள் இட்லிமாவு பொங்கும். இருவரும் வாயே திறப்பதில்லை.

இன்று காலை சுவர் சில்லிட்டிருந்தது. அவள் அவருடைய கதவைத் தட்ட, நான் கோலப்பொடியோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“கம்ப்யூட்டரை ஏன் ஆஃப் பண்ணீங்க? மாவு பொங்கலை. என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க!”

“தெரியும். அதான் ஆஃப் பண்ணேன்.”

அவருக்கு யார் சொன்னார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவள் முறைத்தாள். “சரி, வர்றவங்களுக்கு உப்புமாவைக் கிண்டிப் போட்டு அனுப்பிடறேன். சாயங்காலம் மறக்காம ஆன் பண்ணுங்க.”