பி பதினொன்றுக்காரி

அன்று காலை விஜயலெட்சுமி மூன்றாவது தடவையாக அதே பஸ்ஸில் ஏறினாள். இந்தத் தடவை நிறைமாதக் கர்ப்பிணியாக.

"பாத்து ஏறுங்க தங்கச்சி," என்று கைகொடுத்தான் கொண்டக்டர் றொனி. முந்தின இரண்டு தடவையும் அவளுக்கு டிக்கட் கிழித்தவன் அவன்தான். முகத்தில் அதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை.

முன்சீட்டில் டை கட்டிய மனிதர் கையிலிருந்த டெப்பின் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். அவருக்காகத்தான் இத்தனை பாடும்.

பதுளை டவுன் இப்போது மேலேயும் வளர்கிறது, பக்கவாட்டிலும் வளர்கிறது. டவுனுக்கு மேலே சரிவில் நாலுமாடி வீடுகள் கட்டி, மண்சரிவுக்குப் பயந்திருந்த தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். ஒரு வாரத்துக்குப் பரீட்சார்த்தமாக ஒரு பஸ்ஸும் விட்டார்கள். கூட்டம் இல்லையென்றால் பஸ் வேறு பக்கம் போய்விடும், தலையெண்ண ஆபீஸிலிருந்து ஆள் வரும் என்று றொனி முதல் நாளே காதில் போட்டிருந்தான்.

டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் நிஸாம் முதலாளியும் விஜயலெட்சுமியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. "இன்னொரு நாள் லேட்டுன்னா வீட்டுலயே இருந்துக்கங்க." பஸ் போனால் வேலை போகும். ஆகவே இன்று காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு, வேலையைக் காப்பாற்றப் புறப்பட்டிருந்தாள்.

குடியேறியவர்களில் பாதிப்பேர் விடியும் முன்பே பழைய தோட்டத்துக்குக் கொழுந்தெடுக்க நடந்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களைக் கொண்டு பஸ்ஸை ஒரு தடவை நிரப்பலாம். நாள் முழுக்க நிரப்ப முடியாது.

இங்கேதான் அவள் சின்னம்மா மகன் சதீஸ்குமார் உதவிக்கு வந்தான். வருஷா வருஷம் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறவன் அவன். மேலே வீட்டடியில் பஸ் ஏறி, கீழே பாலத்தடியில் இறங்கி, குறுக்குப் பாதையில் ஓடிவந்து, பஸ் டவுனுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவனிடம் வேறு ஆளாக மாறிக்கொள்ள வேண்டும். மலையேறுவதற்கு மட்டும் யாருக்கும் ஒத்திகை தேவைப்படவில்லை.

முதல் நடையில் விஜயலெட்சுமி விஜயலெட்சுமியாகவே போனாள். இரண்டாவதில் கண்ணாடி போட்ட டீச்சர். இப்போது வயிற்றில் ஒரு தலையணை.

டை கட்டியவர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். "உக்காருங்கம்மா. எந்த வீடு?"

"பி பதினொன்னுங்க சேர்."

அவர் டெப்பில் தட்டினார். "அங்க டீச்சர் ஒருத்தங்க இருக்காங்கதானே?"

"ஆமாங்க. என் நாத்தனா."

பின்னாலிருந்து யாரோ முதுகில் இடித்தார்கள். கல்யாண வீட்டுக்குப் போகும் அத்தை வேஷத்தில் சதீஸ்குமார். "ஏங்க்கா, வேற நம்பர் ஒன்னும் உன் வாயில வராதா?"

"நீ என்ன சொன்ன?"

"சி நாலு."

"போன தடவ?"

அத்தை கொண்டையைச் சரிசெய்துகொண்டது. "அப்பவும் சி நாலுதான்."

பெயரிலும் வயதிலும் புருஷன்மாரிலும் கூசாமல் பொய் சொன்ன கூட்டம் அது. வீட்டு நம்பரில் மட்டும் ஒருவருக்கும் பொய் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து ஆபீஸ் விலாசத்துக்கே கடிதம் வந்து பழகியவர்கள். தனக்கென்று ஒரு நம்பர் கிடைத்தபின், யாராவது அதைக் கேட்டால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

சாவி கொடுத்த அன்றும் அப்படித்தான். சுவரில் ஆணி அடிக்காதே, மாடியில் ஆடு கட்டாதே, வாடகைக்கு விட்டால் வீடு பறிபோகும், பால்கனியில் விறகு அடுக்காதே என்று மேடையில் ஒருவர் வாசித்துக்கொண்டே போனார். கீழே இவர்கள் சாவியில் தொங்கிய நம்பரைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் வளைவில் திரும்பியது. மிதிபலகை வரை ஆட்கள். டை கட்டியவர் கம்பியைப் பிடித்தபடி பின்பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"மேல இவ்வளவு சனம் இருக்குமுன்னு நான் நெனைக்கவே இல்ல," என்றார்.

பஸ்ஸுக்குள் ஒரு சந்தோஷம் ஓடிப் பரவியது. றொனி தேவையில்லாமல் இரண்டு தடவை விசில் ஊதினான்.

"இது கொஞ்சம்தாங்க சேர்," என்றாள் விஜயலெட்சுமி. அடுத்த நடைக்கு என்ன வேஷம் என்று இன்னும் முடிவாகவில்லை. எதற்கும் இடம் போட்டு வைத்தாள். "எங்க வீட்டுல இன்னும் மூணு பேரு இருக்காங்க. இப்பத்தான் எந்திரிச்சிருப்பாங்க."

"பி பதினொன்னுலயா?"

"ஆமாங்க."

"சி நாலுலயும் ஆள் இருக்குதுங்க," என்றது அத்தை, கொஞ்சம் கரகரத்த குரலில். இதுதான் சமயம் என்று பின்சீட்டுகளிலிருந்தும் நம்பர்கள் வந்து விழுந்தன. அவர் ஒன்றையும் விடாமல் தட்டிக்கொண்டார்.

பாலத்தடி வந்தது. விஜயலெட்சுமி வயிற்றைத் தாங்கியபடி எழுந்தாள். இறங்குவதற்கு முன் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் மனதுக்கு நிம்மதி.

"அப்ப பஸ்ஸ நிப்பாட்ட மாட்டீங்கதானே சேர்?"

அவர் டெப்பை மூடிவிட்டு அவளைப் புரியாமல் பார்த்தார்.

"பஸ்ஸப் பத்தி எனக்கென்னம்மா தெரியும், வாடகைக்கு விட்ட வீடுகளப் புடிக்க வந்த ஆளு நான்."