செகண்டுக்கு நூறு படம்

"சார், மறுபடியும் கோட்டை விட்டுட்டான்! வந்து பாருங்க!"

நான் போட்ட சத்தத்துல ஸ்டுடியோ முதலாளி டீ கிளாஸோட எடிட்டிங் ரூமுக்குள்ள ஓடி வந்தார்.

"யாரு, நெட்டையா?"

"வேற யாரு!"

நெட்டை எங்க கேமராமேன். வாசப்படி இடிக்காம ஒரு வீட்டுக்குள்ளயும் நுழைய முடியாது, அவ்வளவு உயரம். ஆள் தங்கம். ஆனா போன மாசம் ஒரு பட்டமளிப்பு விழாவை கேமரா செட்டிங்கைப் பாக்காமலே எடுத்துட்டு வந்துட்டான். எடிட் பண்ணி ஓட்டினா, மேடைல நடக்கறவங்க எல்லாம் விட்டு விட்டுக் குதிச்சாங்க. அன்னைக்கே முதலாளி முடிவா சொல்லிட்டார்.

"இன்னொரு தடவ செட்டிங் மாறுச்சு, நீ வேற இடம் பாத்துக்கோ."

வீட்டுல கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு அவன் எங்க போய் வேற இடம் தேடுவான்?

பாவமேன்னு நான்தான் கேமராப் பை மேல கொட்டை எழுத்துல எழுதி ஒட்டினேன்: செகண்டுக்கு 25 படம். கேமரா செகண்டுக்கு எடுக்கறதும் இருபத்தஞ்சு படம், என் சாஃப்ட்வேர் ஓட்டறதும் இருபத்தஞ்சுன்னா வெட்டி ஒட்டற வேலை வழுக்கிக்கிட்டுப் போகும். இல்லன்னா என் உயிரை வாங்கும்.

"நேத்து எடுத்த கல்யாணம் சார். எல்லா க்ளிப்பும் இருபத்தஞ்சு. இது ஒண்ணு மட்டும் நூறு! படம் இருட்டா இருக்கு, சத்தம் பதிவாகவே இல்ல."

ஓட்டிக் காட்டினேன். கல்யாணப் பொண்ணு மண்டபத்துக்குள்ள நடந்து வருது. சக்கர நாற்காலியில இருந்த அவ அப்பா எழுந்து நிக்கறார். பொண்ணு ஓடிப் போய்க் கட்டிக்கிட்ட உடனே உக்காந்துடறார். அவ்வளவுதான்.

"முக்கியமான இடத்துலயா கை வெச்சான்!" முதலாளி தலையில அடிச்சுக்கிட்டார். "கேமராவைக் கொண்டாந்து வெச்சுட்டுப் போகச் சொல்லு." சொல்லிட்டு அவர் ரூமுக்குப் போயிட்டார்.

நான் போன் போட்டேன்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்த ஒரு க்ளிப்பு..."

"பேசாத! சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி எழுதி வேற ஒட்டினேனே!"

"இல்லக்கா, அது என்னன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். கேமராவை எடுத்துக்கிட்டு வந்து சேரு."

கட் பண்ணிட்டேன். எனக்குக் கோபம் வந்தா எதிராளி பேசறது காதுல ஏறாது. என் வீட்டுக்காரரைக் கேட்டா கதை கதையா சொல்வார்.

கோபத்தோடவே வேலையைப் பாத்தேன். வேகத்தைத் தொடாம நூறை இருபத்தஞ்சா மாத்தினேன். அப்பவும் இருட்டு போகல. சரி, எதுக்கு வம்புன்னு அந்த அப்பா எழுந்து நிக்கறதை மொத்தமா வெட்டிட்டு, பொண்ணு சிரிக்கறதை ஒட்டினேன். உறுத்தாம ஒட்டிக்கிச்சு.

அரை மணி நேரத்துல நெட்டை வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. முதலாளியும் பின்னாடியே வந்தார். அவன் கேமராவை மேசை மேல வெச்சான், பார்வை மட்டும் என் ஸ்கிரீனை விட்டு நகரல.

"அக்கா, அவர் எழுந்து நிப்பாரே... அது எங்கக்கா?"

"வெட்டிட்டேன்."

அவன் முகம் சுண்டிப்போச்சு.

"சார், என்னை நாளைலருந்து வர வேணாம்னா வரல. ஆனா அதை மட்டும் திருப்பிப் போடச் சொல்லுங்க சார். வேணும்னுதான் நூறு வெச்சேன்."

"வேணும்னா?" முதலாளி குரல் ஏறிச்சு.

"முந்தின நாள் மண்டபத்துல வெளிச்சம் எப்படின்னு பாக்கப் போனேன் சார். அந்த அப்பா என்னைத் தனியா கூப்பிட்டார். பொண்ணுக்குத் தெரியாம மூணு மாசமா எழுந்து நிக்கப் பழகறாராம். நின்னு காட்டினார். நாலு செகண்டுக்கு மேல கால் தாங்கல. 'என் பொண்ணு பின்னால வீடியோ போட்டுப் பாக்கறப்பவாவது இன்னும் கொஞ்சம் நேரம் நிக்க வழி இருக்கா தம்பி'ன்னு கேட்டார்."

நெட்டை கேமராவைத் தொட்டுக் காட்டினான்.

"நூறுல எடுத்தா நாலு மடங்கு மெதுவா ஓட்டலாம் சார், குதிக்காது. பதினாறு செகண்டு நிப்பார்."

நூறு படம்னா மெதுவா ஓட்டத்தான் எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா இதே வேலைதானே பாக்கறேன்! நெட்டை எடுத்தா அது தப்பாத்தான் இருக்கும்னு நானா முடிவு கட்டிட்டேன்.

க்ளிப்பைத் திருப்பிப் போட்டு, மெதுவா ஓட்டினேன். அவர் நாற்காலிக் கையை விடறார். நிமிர்றார். பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு ஓடி வருது. அவ வந்து கட்டிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருக்கார்.

முதலாளி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். கேமராவை நெட்டை பக்கமாத் தள்ளினார். ஆனா அவருக்கு ஆறல.

"ஏண்டா, இதை அக்காகிட்ட முன்னாடியே போன்ல சொல்றதுக்கு என்ன? நல்ல வேளை, அவ வெட்டினதோட விட்டா. அழிச்சிருந்தா என்ன பண்ணுவ?"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவன் சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான். எனக்கு வேணும்.

நெட்டை ஒரு தடவ என்னைப் பாத்தான்.

"என் தப்புதான் சார். சொல்ல மறந்துட்டேன்."