உஷாராணியின் கையெழுத்து

"போட மாட்டேன்லா! நீங்க தலைகீழா நின்னாலும் போட மாட்டேன்!"

உஷாராணி தள்ளிய வேகத்தில் பேனா மேசையின் மறு ஓரம் வரை உருண்டது. வக்கீல் சந்திராதேவி நிதானமாக அதைப் பிடித்து வைத்தார்.

"பேப்பரை முழுசா வாசிச்சீங்களாம்மா? குருபோங்ல இருக்கிற வீடு உங்க பேருக்கு மாறுது. மக உங்களோடதான் இருப்பா. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் செலவு அவரோடது."

"எல்லாம் வாசிச்சேன். எனக்கு ஒண்ணும் வேணாம்."

அவள் பார்வை கண்ணாடிக் கதவுக்கு வெளியே போயிற்று. பெஞ்சில், அவள் புருஷனை வளைத்துப்போட்ட தேவமலர் உட்கார்ந்திருந்தாள். அளவெடுத்துத் தைத்த பஞ்சாபி சூட். தோள்வரை வெட்டிவிட்ட முடி. புக்கிட் ரம்பாய் பேக்டரியில் நின்றே வேலை செய்து பாதம் வெடித்துப்போன உஷாராணிக்கு, அந்தக் குதியுயர்ந்த செருப்பைப் பார்த்ததுமே வயிறு எரிந்தது.

பக்கத்தில் வசந்தன். ஒன்பது வருஷத்தில் கட்டினவளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் மொண்டு தராத மனுஷன், மைலோ பாக்கெட்டில் ஸ்ட்ரா குத்தி தேவமலரிடம் நீட்டிக்கொண்டிருந்தான்!

"பாருங்க மேடம், கூத்தைப் பாருங்க! எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆளு!"

"அதை விடுங்கம்மா. வீடு அவர் பேருல இருக்கு. நாளைக்கு வெளியே போன்னு சொன்னா, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க போவீங்க?"

"ரூம் பார்த்துக்கிறேன். நான் டைவர்ஸ் கொடுத்தாத்தானே அவ பொண்டாட்டி? கொடுக்காட்டி, சாகிற வரைக்கும் வைப்பாட்டிதான்! இந்த வீடு என்ன, ஆயர் குரோ டவுனையே எழுதிக் கொடுத்தாலும் விட மாட்டேன்."

சந்திராதேவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க கல்யாணம் எங்க நடந்துச்சு?"

"எஸ்டேட் மாரியம்மன் கோயில்ல. எண்பத்தேழுல. எஸ்டேட்டே திரண்டு வந்து சாப்பிட்டுச்சு. வீடியோ இருக்கு, கொண்டு வரவா?"

"ரெஜிஸ்டர் பண்ணினீங்களா?"

"அது எதுக்கு? அம்மன் சாட்சியா தாலி ஏறின பிறகு கவர்மெண்ட் சாட்சி வேறயான்னு எங்கப்பா கேட்டாரு. எங்க லயத்து வீடுகள்ல யாருமே பண்ணல."

"மலேசியாவுல எண்பத்திரண்டுக்கு அப்புறம் ரெஜிஸ்டர் பண்ணாத கல்யாணம் சட்டத்துல நிக்காதும்மா. போன மாசம் அவங்க ரெண்டு பேரும் ரெஜிஸ்டர் ஆபீஸுக்குப் போயிருக்காங்க. கவுண்டர்ல உங்க வீட்டுக்காரர் பேரைக் கம்ப்யூட்டர்ல தட்டினா, மலாய்ல 'பூஜாங்'னு வந்திருக்கு. கல்யாணமே ஆகாத ஆம்பிளை."

உஷாராணியின் கை தானாகத் தாலியைப் பற்றியது.

"அப்போ... என் கையெழுத்து?"

"அவர் கல்யாணம் பண்ணிக்க அது தேவையே இல்ல. வீட்டையும் அவர் கொடுக்க வேண்டியதில்ல. உங்க மனசு நோகும்னுதான் இதைச் சொல்லாம இருந்தேன்."



மெல்ல மெல்ல உஷாராணியின் முகம் மலர்ந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்தே விட்டாள்.

"கொடுக்க வேண்டாம்னு தெரிஞ்சும் எனக்கு வீட்டை எழுதித் தர்றாருன்னா என்ன அர்த்தம்? இன்னும் என் மேல பாசம் இருக்கு! அந்தச் சிங்காரியைக் கூப்பிடுங்க மேடம். இதை அவ காதால கேக்கட்டும். கேட்டு வெந்து சாகட்டும்!"

"உட்காருங்கம்மா" என்றார் சந்திராதேவி. "பூஜாங்னு கேட்டதும் உங்க வீட்டுக்காரர் சனி விட்டதுன்னு குதிச்சாராம். கவுண்டர்ல நீட்டின கல்யாண விண்ணப்பப் பாரத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டு, அவரை இங்க இழுத்துக்கிட்டு வந்ததே அந்தப் பொண்ணுதான். 'முதல் பொண்டாட்டியை நடுத்தெருவுல விட்டுட்டு வராதீங்க. அவங்களுக்கு வீட்டை எழுதிக் கொடுங்க, அப்புறம்தான் நான் ரெண்டாவது பொண்டாட்டி'ன்னு சொல்லிட்டாங்க."