மூன்று நிமிஷப் பாடம்

அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்ததால் அம்மா கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள்.

"அந்த வீடியோவ இன்னொரு தரம் போடு நந்தினி. எங்க கோட்ட வுட்டேன்னு பாக்கலாம்."

திங்கட்கிழமை, மணி நாலே முக்கால். நந்தினி போனை எடுத்தாள். விரல் ஈரமாக இருந்தது. இரண்டு முறை அழுத்தியும் திரை திறக்கவில்லை.

மூன்று நிமிஷப் பாடம். சமையலறைச் சுவருக்கு முன்னால் அம்மா நிற்கிறாள். கையில், பள்ளி லேபில் கேட்டு வாங்கிவந்த பழுப்பு நிலக்கரிக் கட்டி. பார்க்கக் காய்ந்த மரக்கட்டை மாதிரி இருக்கும், ஆனால் இதன் எடையில் பாதி தண்ணீர் என்று ஆரம்பிக்கிறாள்.

"பாரேன், மாவு மூட்டைக்குப் பொட்டு வெச்சாப்பல நிக்கிறேன்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா.

நந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை.

நந்தினியின் அம்மா பிரபாவதி டீச்சருக்கு மந்தாரக்குப்பத்துத் தனியார் பள்ளியில் பதினாறு வருஷம். வகுப்புக்கு அறுபது பிள்ளைகள். நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருண்டுவிட்டது. ஜூன் மாதம் கட்டுகிற தொண்டை ஏப்ரலில்தான் திறக்கும்.

பிள்ளைகள் டேப்லெட்டில் பார்க்கிற பாடங்களை எழுதவும் நடத்திக் காட்டவும் சென்னைக் கம்பெனி ஒன்று அனுபவமுள்ள டீச்சர்களைத் தேடுகிறது என்று பேப்பரில் பார்த்தாள். அன்றிலிருந்து அம்மா வேறு ஆள். காய் நறுக்கும்போதும் யாருக்கோ பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்திமூணு வயசுல எடுப்பாங்களாடி?"

எடுப்பாங்கம்மா என்று சொன்னவள் நந்தினிதான். வீடியோ பிடித்தவளும் அவள்தான். அப்பாகூட, "ரெண்டு வருஷம் போய்ப் பாரு பிரபா, வூட்ட நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். கிடைத்தால் ஜூனிலிருந்து சென்னையில் ஹாஸ்டல். சனி, ஞாயிறு மட்டும் வீடு.

விண்ணப்பம் போட்டாயிற்று. வீடியோவை மட்டும் கம்பெனியின் வாட்ஸப்புக்கு அனுப்ப வேண்டும். அம்மாவுடையது பட்டன் போன். அனுப்ப வேண்டியவளும் நந்தினிதான்.

வீடியோ பிடித்த அன்று ராத்திரி, அப்பா பத்து மணி ஷிப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, அனுப்புகிற அம்புக்குறிமேல் விரலை வைத்தாள். அப்போதுதான் உறைத்தது.

அம்மா சென்னையில். அப்பா நிலக்கரி மைன்ஸில். நைட் ஷிப்ட் வருகிற வாரமெல்லாம், விடிய விடிய இந்தக் குவார்ட்டர்ஸில் அவள் ஒருத்தி.

பின்கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். அது எப்போதும் பாதிதான் விழும்.

விரலை எடுத்துவிட்டாள்.

ப்ளஸ் டூ போகப்போகிற பெண், தனியாகப் படுக்கப் பயம் என்று சொன்னால் யார் சிரிக்கமாட்டார்கள்? நாளைக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று படுத்தாள். காலையில் அம்மா கேட்டபோது, போயிடுச்சு என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் அம்புக்குறிவரை போய்த் திரும்பினாள். வியாழக்கிழமையோடு கடைசித் தேதியும் போயிற்று. இனி அனுப்பினாலும் பிரயோஜனமில்லை என்று நினைத்தபோது வந்த நிம்மதி, அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம்கூட அம்மா கேட்டாள். "நல்லா போயிடுச்சில்ல? பாத்தியா?"

"ரெண்டு டிக் வுழுந்துடுச்சும்மா."

இப்போது திரையில் வீடியோ முடிந்தது. அம்மா இவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"சொல்லு. நீதான் ஸ்டூடண்ட். என்ன குறை?"

குறை ஒன்றும் இல்லை. நந்தினிக்குக் கெமிஸ்ட்ரியே பிடிக்காது, அவளுக்கே புரிந்திருந்தது. ஆனால் எதையாவது சொல்லியாக வேண்டுமே.

"குரல்தாம்மா. ரொம்பச் சின்னதா கேக்குது."

"உங்கப்பா தூங்கிக்கினு இருந்தாரே. வேற எப்படிப் பேசறது?" என்றாள் அம்மா. பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள். "ஆமா. சின்னதாத்தான் இருக்கு."

தொண்டை கட்டினாலும் கடைசி பெஞ்சுக்கு அப்பால், வராண்டாவில் போகிற வாட்ச்மேன்வரைக்கும் எட்டுகிற குரல் அது. அதைக் குறை சொன்னதும் அம்மா அப்படியே ஒத்துக்கொண்டுவிட்டாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நந்தினி வாயைத் திறந்தாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" அவசரமே இல்லாமல் கேட்டாள் அம்மா.

"இல்லம்மா."

அம்மா சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து டீ போடப் போனாள்.

அம்மாவின் பட்டன் போன் பாயில் கிடந்தது. சரியாக ஐந்து மணிக்கு அதில் அலாரம் அடித்தது.

அப்பாவுக்கு வைப்பது ஆறு மணிக்கு. அவர் எழுந்துவிடப் போகிறாரே என்று நந்தினி பாய்ந்து எடுத்து அமுக்கினாள்.

சத்தம் நின்றது. திரையில், ஏற்கெனவே திறந்து வைத்திருந்த ஒரு மெசேஜ்.

இங்கிலீஷில் இரண்டே வரி. கம்பெனியிலிருந்து. மேடம், உங்கள் வீடியோ இன்னும் வரவில்லை. உங்களுக்காகத் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிவரை காத்திருக்கிறோம்.

வந்த நேரம், வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்து.

வெள்ளிக்கிழமையிலிருந்து அம்மா அந்த வீடியோவைப் போடச் சொன்னது இது நான்காவது தடவை.

அம்மா இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றை நந்தினி பக்கம் நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள்.

பிறகு பட்டன் போனை எடுத்து, அப்பாவுக்காக ஆறு மணிக்கு அலாரம் வைத்தாள்.