நாலில் ஒன்று

“மறுபடியும் பொய்! வாயைத் திறந்தாலே பொய்!” மேசையை ஓங்கிக் குத்தினான் ஓதாகர்.

“சத்தியமா நான் பிஸ்கட்டைத் தொடலப்பா!” என்று அடுத்த அறையிலிருந்து அழுகுரல் வந்தது.

“உன்னைச் சொல்லலடி. கம்ப்யூட்டரைத் திட்டுறேன்” என்றவன் அத்தோடு விட்டானா? “ஆனா நீயும் லேசுப்பட்டவ இல்ல. திருட்டுத்தனமா திங்காம சர்க்கரை எப்படி ஏறும்?”

ஒன்பது வயது மகள் அனெஷ்காவுக்குச் சர்க்கரை நோய். எவ்வளவு இன்சுலின் போட வேண்டும் என்று கணக்குச் சொல்ல, லினக்ஸில் ஒரு புரோகிராமைப் போன மாதம் எழுதி முடித்தான் ஓதாகர். அவனுடைய மேசைக் கணினி சொன்னபடியே ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. இப்படியே போனால் கிறிஸ்துமஸ் விருந்தின் கெண்டை மீன் இவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனைவி சுட்டு அலமாரி மேல் ஏற்றிவைத்த வனிலா பிஸ்கட் டின்களை அவன் நிறுத்துப் பார்க்காத குறைதான்.

அந்தப் புரோகிராமை இப்போது லினக்ஸ் குழுவினர் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கப் போகிறார்கள். அதற்கு முன், கணினியின் மூளையான பிராசஸரில் நாலு வகைக்கும் தனித்தனியாகத் தொகுத்து, ஒரே சோதனைக் கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மூன்று வகைகள் தேறிவிட்டன. வங்கிகளின் பெரிய கணினிகளில் இருக்கும் நாலாவது வகை மட்டும் கூடுதலான அளவைச் சொல்லி, காலையிலிருந்து அவன் உயிரை வாங்கியது.

அந்தக் குழுவில் மென்பொருள் பேக்கேஜ்களைச் சரிபார்த்து வெளியிடும் ரத்காவுக்குப் போன் போட்டான். அவள் பிராகில் இருக்கிறாள்.

“அந்த நாலாவதைத் தூக்கிக் கடாசு ரத்கா. பேங்க் கம்ப்யூட்டர்ல எவன் இன்சுலின் கணக்குப் போடப் போறான்?”

“அதெல்லாம் முடியாது. முதல்ல, அதுதான் தப்புன்னு எப்படிச் சொல்ற?”

“மத்த மூணும் ஒரே விடை சொல்லுதே! என் மேசைல இருக்கிற வகையும் அதுல ஒண்ணுதான். சோதனைக்கு விடையே இதைப் பார்த்துத்தானே எழுதினேன்.”

“அட மகராசா! அந்த மூணும் எண்களை ஒரே மாதிரி அடுக்கி வைக்கிற வகை, தப்புன்னா மூணும் சேர்ந்துதான் தப்பும். கையால போட்டுப் பாக்கலியா?”

“கம்ப்யூட்டர் இருக்கும்போது கை எதுக்கு?”

“போடு. நான் லைன்லயே இருக்கேன்.”

எரிச்சலோடு பென்சிலை எடுத்தான். டாக்டர் சொல்லிக்கொடுத்த கணக்குதான். சோதனையில் இருந்தபடி, சர்க்கரை ரொம்ப ஏறியிருந்தால் எவ்வளவு போட வேண்டும் என்று போட்டுப் பார்த்தான். அடித்துவிட்டு மறுபடியும் போட்டான்.

“என்னப்பா, என்ன விடை வந்துச்சு?” என்றாள் ரத்கா.

“நாலாவது சொன்ன அதே விடைதான்” என்றான். போனை அப்படியே வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனான். அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த மகளின் முன்னால் மண்டியிட்டான்.

“கண்ணு... அப்பாதான்டா உனக்கு மருந்தைக் குறைச்சுப் போட்டிருக்கேன்.”