நெரிசலில்லாத பாதை

பெங்களூரில் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்கு நெரிசலில்லாத அழகான பாதை போட்டுக் கொடுப்பதுதான் தேச்சம்மாவுக்கும் சுதாமணிக்கும் பிழைப்பு. போனில் பேசுவது தேச்சம்மா. பாதை போடுவது சுதாமணி.

அன்றைக்கு ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் அவசரப்பட்டது.

"சிட்டி கூட்டமும் வேணாம், ஹைவேயும் வேணாம் மேடம். பின்னாடி ஒருத்தங்க உக்காந்து வர்றாங்க. தெரிஞ்சவங்க கண்ணுல பட்டா தொலைஞ்சேன்."

"வீட்டுக்காரம்மாவா சார்?"

அவன் சிரித்தான். "அவளப் பொறுத்தவரைக்கும் நான் ஹைதராபாத்துல டிரெயினிங்ல இருக்கேன். முக்கியமா, சக்லேஷ்பூர் டவுன் பக்கமே போகக்கூடாது. மாமனார் ஊரு."

தேச்சம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "இவன மலையிலேருந்து உருட்டி விட்டுடுடி."

"செத்துட்டா அப்புறம் யாரு அவமானப்படறது?" என்றாள் சுதாமணி.

மறுநாள் பாதை தயார். டவுன் கிடையாது, சிக்னல் கிடையாது. ஏரிக்கரை, மூங்கில் காடு, கடைசியில் காப்பித் தோட்டத்து மண்பாதை. அது முடிகிற இடத்தில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் காலைச் சாப்பாடு. அனுப்பிய வரைபடத்தைப் பார்த்ததுமே அவன் ஐந்து நட்சத்திரம் போட்டு நன்றி சொன்னான்.

சுதாமணி போனை எடுத்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை காலைல தோட்டத்துப் பின்கேட்டத் திறந்து வைங்க. உங்க மாப்பிள்ளை வர்றாரு. எப்பவும் கார்ல முன்வாசலுக்கே வந்து பழகினவரு, அந்த வழி அவருக்குத் தெரியாது. நான் என்ன வேலை பாக்கறேன்னும் தெரியாது, கேட்டாத்தானே. அக்கி ரொட்டி ரெண்டு பேருக்குப் போடச் சொல்லுங்க. அண்ணனுங்க மூணு பேரும் வீட்டுலயே இருக்கட்டும்."